ராணி ஜிந்த் கௌர்: லாகூர் அரசு விழுந்ததில் தாயின் பொறுப்பு எவ்வளவு?

பேரேடு:

லாகூரைத் தலைநகராக வைத்துப் பஞ்சாபை ஆண்ட சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங் இறந்தது 1839 ஜூன் 27. அவருடைய கடைசி மகன் துலீப் சிங், பத்து வயதுப் பையன், லாகூர்க் கோட்டையில் உட்கார்ந்து அரசை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது 1849 மார்ச் 29. நடுவில் முழுதாகப் பத்து வருடம்கூட இல்லை. இந்தச் சரிவைப் பற்றிப் பேச்சு வந்தாலே பழி துலீப்பின் தாய் ஜிந்த் கௌர் தலையில்தான் விழுகிறது. மகனின் நாற்காலியைக் காப்பாற்ற, சொந்தப் படையையே வெள்ளைக்காரனின் பீரங்கி வாயில் தள்ளியவள் என்கிறார்கள்.

முதலில் காலத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். துலீப்பை அரியணையில் வைத்தது 1843 செப்டம்பர். அப்போது வஸீராக, அதாவது முதலமைச்சராக, இருந்து ஆண்டவர் டோக்ரா ராஜா தியான் சிங்கின் மகன் ஹீரா சிங். ராணிக்குத் தர்பாரில் சொல் இல்லை. ஹீரா சிங்கின் வலக்கையான பண்டிட் ஜல்லா அவரை அவமதித்தார். ராணி நேராகப் படையிடம் முறையிட்டார். 1844 டிசம்பர் 21 அன்று ஹீரா சிங்கும் ஜல்லாவும் ஓடும் வழியில் கொல்லப்பட்டார்கள். அதிகாரம் ராணி கைக்கு வந்தது அன்றைக்குத்தான். அது பறிபோனது 1846 டிசம்பர் 16, ஆங்கிலேயரோடு செய்த பைரோவால் ஒப்பந்தத்தில். ஆக, கணக்குக் கேட்க வேண்டியது இருபத்து நான்கு மாதத்துக்கு. அந்த இருபத்து நான்கு மாதத்தில் அவர் தெரிந்தே செய்த பிழைகள் உண்டு என்பது என் கருத்து. ஊர் சொல்லும் பிழைகள் அவை இல்லை.

செம்பருத்தி:

அந்த இருபத்து நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்ததை ஒதுக்கிவிட்டால் கணக்கே தப்பாகிவிடும், பேரேடு.

ரஞ்சித் சிங்குக்குப் பின் அரியணை ஏறிய மூத்த மகன் கரக் சிங் 1840 நவம்பர் 5 அன்று இறந்தார். தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போதே கோட்டை வாயில் வளைவு இடிந்து விழுந்து அவர் மகன் நௌ நிஹால் சிங்கும் போனார். அவருடைய தாய் சந்த் கௌர், மருமகள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொல்லி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. 1841 ஜனவரியில் ரஞ்சித் சிங்கின் இன்னொரு மகன் ஷேர் சிங் படையோடு வந்து லாகூர்க் கோட்டையைச் சூழ்ந்தார். 1842-ல் சந்த் கௌர் தன் பணிப்பெண்கள் கையாலேயே கொல்லப்பட்டார். 1843 செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் ஷேர் சிங், அவர் மகன் பிரதாப் சிங், வஸீர் தியான் சிங் மூவரும் வெட்டுப்பட்டார்கள். செய்தவர்கள் சந்தன்வாலியாக்கள், அதே அரச குலத்தின் பங்காளிகள்.

ஜிந்த் கௌர் வந்து நின்றது இத்தனை பிணங்களுக்குப் பிறகு. அரண்மனை நாய்களைப் பராமரித்த மன்னா சிங்கின் மகள். பின்னால் பெரிய குலம் இல்லை, ஜாகீர் என்ற மானிய நிலம் இல்லை, தனக்கென்று ஒரு படைப்பிரிவு இல்லை. மடியில் ஐந்து வயதுக் குழந்தை. அரசு விழுந்த கதையில் ஒரு தாய் இருந்தால் போதும், உடனே அவளைக் கைகேயி அச்சில் வார்த்துவிடுகிறோம். கைகேயிக்காவது கேட்டால் மறுக்க முடியாத இரண்டு வரம் கையில் இருந்தது.

கல்வெட்டுக்காரன்:

படையின் சம்பளக் கணக்கைப் பார்க்காமல் இந்த அரசைப் பற்றிப் பேசவே முடியாது.

கம்பெனிச் சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய். ஹீரா சிங், தகப்பனைக் கொன்றவர்களைப் பழிவாங்கப் படையைத் தன் பக்கம் இழுத்தபோது கால்வீரனுக்கு 12 ரூபாய் தருவதாக வாக்குக் கொடுத்தார். அதற்கு முன்னால் ஷேர் சிங்கும் இதே வேலையைச் செய்துதான் கோட்டையைப் பிடித்தார்; கொடுக்க முடியாமல் போனதும் சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளையும் கணக்கர்களையுமே தேடித் தேடி அடித்தார்கள், கொன்றார்கள். அரியணை ஏற நினைத்த ஒவ்வொருவரும் முன்னவரைவிடக் கூடுதலாக ஏலம் கேட்டார்கள். ஏறிய சம்பளத்தைத் திரும்ப இறக்க யாராலும் முடியவில்லை. வருவாயோ குறைந்துகொண்டே போனது. எல்லைச் சீமைகளிலிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை, ஜம்முவின் குலாப் சிங் தன் பாக்கியைக் கட்டவில்லை, முல்தானை ஆண்ட தீவான் ஒவ்வொரு தவணைக்கும் பேரம் பேசினார்.

இதோடு பஞ்சர்கள். ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்குள்ளேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பஞ்சாயத்து வைத்துக்கொண்டது. சம்பளப் பாக்கியைக் கேட்கத்தான் இது தொடங்கியது. 1844 வாக்கில் யார் வஸீர், யாருக்குத் தண்டனை என்பது வரை அவர்கள் தீர்மானித்தார்கள். தர்பார் கையில் முத்திரை மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய படை பஞ்சர்களிடம் இருந்தது. ராணிக்குத் தர்பாரில் செல்வாக்கு இருந்தது உண்மை. அந்தச் செல்வாக்கு பாசறையின் வாசல் வரைக்கும்தான் போனது.

பேரேடு:

கல்வெட்டுக்காரன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதனால்தான் அவர் செய்த முதல் பிழை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பாசறை தன் கையில் இல்லை என்று தெரிந்தும் உறவைப் பார்த்து, சொந்த அண்ணன் ஜவாஹர் சிங்கை வஸீராக்கினார்.

ஜவாஹர் சிங்குக்குப் போரிலும் பெயர் இல்லை, நிர்வாகத்திலும் பெயர் இல்லை. ரஞ்சித் சிங்கின் மகனாக அறியப்பட்ட பெஷௌரா சிங் 1845-ல் அட்டோக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு உரிமை கொண்டாடியபோது, உயிருக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுத்துச் சரணடைய வைத்துவிட்டு, பிறகு ரகசியமாகக் கொன்றார்கள். துலீப்புக்குப் போட்டி ஒழிந்தது என்று அண்ணனும் தங்கையும் நினைத்திருக்கலாம். சிப்பாய்க்கு அது பெரிய மகாராஜாவின் ரத்தம். பஞ்சர்கள் ஜவாஹர் சிங்கைத் தங்கள் முன் வந்து பதில் சொல்லச் சொன்னார்கள்.

1845 செப்டம்பர் 21. லாகூருக்கு வெளியே படை அணிவகுத்து நிற்கிறது. ஜவாஹர் சிங் யானை மேல் வருகிறார். மருமகன் துலீப்பைத் தன் மடியிலேயே வைத்திருக்கிறார், குழந்தை இருக்கும்போது கை வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். பின்னால் இன்னொரு யானையில் ராணி. யானையை மண்டியிட வைக்கிறார்கள். ஜவாஹர் சிங் பேச வாயெடுக்கிறார், விடவில்லை. குழந்தையை மடியிலிருந்து பிடுங்கி எடுத்த பிறகு துப்பாக்கி முனை ஈட்டிகளால் குத்திக் கீழே தள்ளினார்கள். ஏழு வயதுப் பையனும் அவன் தாயும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பகுதியை எழுதும்போது கை நடுங்கத்தான் செய்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: அந்த அண்ணனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது வேறு யாருமில்லை.

வைகை72:

நீங்களே வழியைத் திறந்துவிட்டீர்கள். அண்ணனைக் கண்ணெதிரே கொன்ற படை அது. அடுத்த மூன்று மாதத்துக்குள் அதே படை சத்லஜ் ஆற்றைக் கடந்து போருக்குப் போகிறது. வஸீர் லால் சிங், தலைமைத் தளபதி தேஜ் சிங், இரண்டு பேரும் நவம்பரில் நியமனம் ஆனவர்கள். இருவருமே எதிரிக்கு வேலை செய்தார்கள். இதைத் தற்செயல் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். டிசம்பர் 11 அன்று ஆற்றைக் கடக்கத் தொடங்குகிறார்கள். பக்கத்திலேயே ஃபெரோஸ்பூர், அங்கே ஆங்கிலத் தளபதி லிட்லரிடம் இருந்தது ஏறக்குறைய 7,000 பேர். முதலில் அடிக்க வேண்டிய இடம் அதுதான் என்று எந்தச் சிப்பாய்க்கும் தெரியும். லால் சிங் அடிக்கவில்லை. ஃபெரோஸ்பூரில் இருந்த ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சனுக்குத் தூது அனுப்பி, நான் உங்கள் நண்பன் என்கிறார். டிசம்பர் 18 முத்கி: சண்டை சூடுபிடித்ததும் லால் சிங்கைக் காணோம். டிசம்பர் 21 ஃபெரோஸ்ஷா: அன்று இரவு கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், தம்மிடம் இருந்த நெப்போலியனின் வாளைப் பத்திரமாக அப்புறப்படுத்தச் சொல்லும் அளவுக்கு நிலைமை. மறுநாள் காலை தேஜ் சிங் களைக்காத புதுப் படையோடு வந்து நிற்கிறார். ஆங்கிலப் பீரங்கிகளுக்குக் குண்டு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. தேஜ் சிங் கொஞ்ச நேரம் சுட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். 1846 பிப்ரவரி 10 சொப்ரான்: தேஜ் சிங் முதலில் தப்பிப்போகிறார், படகுப் பாலம் நடுவில் அறுபடுகிறது, ஆயிரக்கணக்கான வீரர்கள் சத்லஜ் வெள்ளத்தில் போகிறார்கள்.

இந்த இருவரையும் நியமித்தவர் ராணி. லால் சிங் அவருக்கு மிக நெருக்கமானவர் என்பது அன்று லாகூர் முழுக்கத் தெரிந்த விஷயம்.

கல்வெட்டுக்காரன்:

லால் சிங், தேஜ் சிங் இருவர் மேலும் நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். சொப்ரானுக்கு முன்பே குலாப் சிங் ஆங்கிலேயரோடு பேசி முடித்துவிட்டார்: படை தோற்றால் தர்பார் அதைக் கைவிட்டுவிடும், ஆறு கடக்கவும் லாகூருக்குப் போகவும் ஆங்கிலேயரைத் தடுக்காது. இதை வெளியே சொன்னவர் கன்னிங்ஹாம் என்ற ஆங்கில அதிகாரி, அந்தப் போரிலேயே இருந்தவர். 1849-ல் அதை அச்சில் போட்டதற்காகத் தம் அரசியல் பதவியை இழந்தார். அவ்வளவு உறுத்திய உண்மை.

ஆனால் “படையை ராணி அனுப்பினார்” என்ற பழியில் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தப் படையை அனுப்ப யாரால் முடியும்? வஸீரைக் குத்திக் கொன்றவர்கள், வஸீரின் தங்கை போ என்றால் போய்விடுவார்களா? பஞ்சர்கள் கூடி விவாதித்து முடிவெடுத்த பிறகே நகர்ந்தார்கள். அவர்களுக்குக் காரணமும் இருந்தது. எல்லையில் ஏறக்குறைய 17,000 ஆக இருந்த ஆங்கிலப் படையை ஹார்டிஞ்ச் 40,000-க்கு மேல் ஏற்றியிருந்தார், பீரங்கிகள் 66-லிருந்து 94. பாலம் போடுவதற்கான படகுகள் பம்பாயில் செய்து கொண்டுவரப்பட்டிருந்தன. லூதியானா பக்கத்தில் லாகூருக்குச் சொந்தமான இரண்டு கிராமங்களை நவம்பரில் கையகப்படுத்தினார்கள். பாதுகாப்புக்கு மட்டும் வந்தவனுக்குப் பாலப் படகு எதற்கு என்று பாசறையில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஆற்றின் தென்கரையிலும் லாகூர் அரசுக்கு நிலம் இருந்தது. கடந்த படை முதலில் கால் வைத்தது சொந்த மண்ணில். ஹார்டிஞ்ச் டிசம்பர் 13 அன்று போர் அறிவித்தபோது அந்த நிலங்களையும் சேர்த்தே பறிமுதல் என்று அறிவித்தார்.

ராணி போரைத் தடுக்கவில்லை, சரி. தோற்றால் படை அடங்கும் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கவும் கூடும். அதற்கும், தோற்கடிக்கத் திட்டம் போட்டார் என்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் கடக்கச் சான்று வேண்டும். தளபதிகளின் துரோகத்துக்குச் சான்று இருக்கிறது. அந்தத் துரோகத்தில் ராணியின் கைக்குச் சான்று என்று காட்டப்படுவது, லால் சிங் அவருக்கு நெருக்கம் என்பது மட்டும்தான்.

செம்பருத்தி:

சோறும் தோட்டாவும் கேட்டு வந்த வீரர்கள் மேல் ராணி தன் பாவாடையை வீசி, இதைக் கட்டிக்கொள்ளுங்கள், நான் போருக்குப் போகிறேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அதை எடுத்துக்கொண்டு யாரும் வந்துவிடக் கூடாது என்றே முன்கூட்டிச் சொல்கிறேன். அது பாசறைப் பேச்சு. ஒரு பெண் ஆட்சியில் இருந்த இடத்தில் எல்லாம் இப்படி ஒரு துணிக்கதை முளைத்திருக்கும்.

பிரிட்டிஷ் எழுத்துகள் அவரை ரோமாபுரி அரசி மெஸலினாவுக்கு ஒப்பிட்டன. ஒழுக்கம் கெட்டவள் என்று எழுதிவிட்டால் அவள் பிள்ளைக்கு நாமே பாதுகாவலர் என்று சொல்லிக்கொள்ள வசதி. அதே ஆட்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில், பஞ்சாபில் ஆண்பிள்ளைப் புத்தி உள்ள ஒரே ஆள் அவர்தான் என்ற பொருளில் ஹார்டிஞ்சுக்கு அடுத்து வந்த கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி எழுதினார்.

வைகை72:

கதையை எடுக்கவில்லை, செம்பருத்தி. கல்வெட்டுக்காரன் சொன்ன தூரத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சதி என்ற சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நியமனத்தின் பொறுப்பு எங்கே போகும்? அண்ணன் விஷயத்தில் பேரேடு சொன்னது லால் சிங் விஷயத்துக்கும் பொருந்தும். தகுதியை விட்டுவிட்டு நெருக்கத்தைப் பார்த்து நியமித்தார். மூன்று போர்க்களத்தில் அவர் நடந்துகொண்டதைப் பார்த்த பிறகும், 1846 மார்ச்சில் அதே லால் சிங் வஸீராகத் தொடர்ந்தாரே.

அதைவிடப் பெரியது, ஆங்கிலப் படையை லாகூரிலேயே இருக்கச் சொல்லிக் கேட்டது. வீட்டுக்குள் வந்தவனைத் திண்ணையில் படுக்கச் சொன்ன மாதிரி.

பேரேடு:

அந்தத் திண்ணைக் கணக்கைத்தான் போட வேண்டும்.

1846 மார்ச் 9 லாகூர் ஒப்பந்தம். சத்லஜுக்கும் பியாஸுக்கும் நடுவிலுள்ள ஜலந்தர் தோவாப் போனது. நட்ட ஈடு ஒன்றரைக் கோடி ரூபாய். கருவூலத்தில் அவ்வளவு இல்லை. 50 லட்சம் பணமாக, மீதி ஒரு கோடிக்கு ஈடாகக் காஷ்மீர், ஹஸாரா உள்ளிட்ட மலைநாடு. ஒரே வாரத்தில், மார்ச் 16 அன்று, அமிர்தசரஸ் ஒப்பந்தப்படி அந்த மலைநாட்டின் பெரும்பகுதியை ஆங்கிலேயர் குலாப் சிங்குக்கு 75 லட்சத்துக்குக் கொடுத்தார்கள். லாகூரின் பணியில் வளர்ந்த ராஜா, லாகூர் தோற்றதில் ஒரு நாட்டையே வாங்கிக்கொண்டார்.

படைக்கு வரம்பு: 25 பட்டாளம், பட்டாளத்துக்கு 800 பேர், ஆக 20,000 கால்வீரர், குதிரை 12,000. மீதிப் பேரைக் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சம்பளப் பாக்கியோடு, ஆயுதம் பழகிய கையோடு, தோல்வியின் கோபத்தோடு ஆயிரக்கணக்கானோர் லாகூரைச் சுற்றி நிற்கிறார்கள். ஆறு மாதம் முன்பு அண்ணனைக் குத்தியவர்கள் அதில் இருக்கிறார்கள். ராணியும் தர்பாரும் ஆங்கிலப் படையை ஆண்டு முடியும் வரை இருக்கச் சொன்னது இந்தப் பயத்தில். பயம் புரிகிறது. இருந்தாலும் இது இரண்டாவது பிழை, முதல் பிழையைவிடக் கனமானது. தன் படையைக் கண்டு அஞ்சி எதிரியின் படையைக் காவலுக்கு வைத்தால், காவலுக்குக் கூலி கேட்பான்.

கேட்டான். லால் சிங், காஷ்மீரைக் குலாப் சிங்கிடம் ஒப்படைக்காதே என்று அங்கிருந்த ஆளுநருக்கு எழுதிய கடிதங்கள் சிக்கின. டிசம்பரில் விசாரித்து நாடுகடத்தினார்கள். ராணிக்கு இருந்த ஒரே துணை போனது. உடனே பைரோவால்: எட்டுப் பேர் கொண்ட ஆட்சிக்குழு, அதற்கு மேல் எல்லாத் துறையிலும் கை வைக்கும் அதிகாரத்தோடு ரெஸிடெண்ட் என்ற ஆங்கிலப் பிரதிநிதி, படைச் செலவுக்கு ஆண்டுக்கு 22 லட்சம், 1854 செப்டம்பர் 4 அன்று துலீப்புக்குப் பதினாறு வயது நிறையும் வரை. ராணிக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் படி, ஆட்சியில் இடமில்லை. சர்தார்கள் அவரவர் பதவியும் ஜாகீரும் நிலைக்கும் என்று கையெழுத்துப் போட்டார்கள். எதிர்த்தவர் ராணி.

கல்வெட்டுக்காரன்:

இரண்டாவது பிழை என்று பேரேடு சொன்னதோடு உடன்படுகிறேன். ஒரு சிறு சேர்க்கை: பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துப் படையைக் கலைக்கத் தர்பாருக்குக் கையில் பணம் வேண்டும். அந்த 50 லட்சம் அப்போதுதான் நட்ட ஈட்டில் போயிருந்தது. ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு படையைக் குறைக்கச் சொல்கிறது, இன்னொரு பிரிவு குறைப்பதற்கான காசை எடுத்துக்கொள்கிறது.

செம்பருத்தி:

பைரோவாலுக்குப் பின்னால் நடந்ததையும் இந்தக் கணக்கில் சேருங்கள். தாய் இருந்ததால் அரசு விழுந்ததா என்று இவ்வளவு நேரம் பேசினோம். தாயை அப்புறப்படுத்திய பிறகு அது எவ்வளவு வேகமாக விழுந்தது என்று பாருங்கள்.

1847 ஆகஸ்ட் 7. தேஜ் சிங்குக்குச் சியால்கோட் ராஜா பட்டம் தர விழா. மகாராஜா தன் கையால் அவர் நெற்றியில் குங்குமப்பூத் திலகம் இட வேண்டும். துலீப் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான், நாற்காலியில் சாய்ந்துவிட்டான். ஒன்பது வயதுகூட நிறையாத பிள்ளை. சொப்ரானில் தேஜ் சிங் செய்தது என்ன என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று ரெஸிடெண்ட் ஹென்றி லாரன்ஸுக்கு உடனே புரிந்தது. சில நாளில் ராணியை மகனிடமிருந்து பிரித்து ஷேக்குபுரா கோட்டைக்கு அனுப்பினார்கள். ஒன்றரை லட்சம் படி 48,000 ஆனது. 1848 மே மாதம், முல்தானில் கலகம் வெடித்திருந்த நேரத்தில், பஞ்சாபைவிட்டே வெளியேற்றிக் காசிப் பக்கம் கொண்டுபோனார்கள்.

அண்ணனைக் கொன்ற அதே கால்சா (சீக்கியப் படை) வீரர்கள் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். ராணி போய்விட்டார், சின்ன மகாராஜா அவர்கள் கையில், இனி யாருக்காகப் போரிடுவது என்ற பேச்சு பாசறைகளில் எழுந்தது. துலீப்புக்கு நிச்சயித்திருந்த பெண் சத்தர் சிங் அட்டாரிவாலாவின் மகள். திருமணத் தேதியைக் குறித்துக் கொடுங்கள் என்று கேட்டதற்கு ரெஸிடெண்ட் நேரான பதில் தரவில்லை. சம்பந்தி வீட்டுக்கே நம்பிக்கை போனது. சத்தர் சிங்கும் அவர் மகன் ஷேர் சிங்கும் (கொல்லப்பட்ட மகாராஜா இல்லை, வேறொருவர்) கலகத்தில் சேர்ந்தார்கள். சில்லியன்வாலா, பஞ்சாபிலிருந்த குஜராத் என்ற ஊர் ஆகிய போர்க்களங்களுக்கு இட்டுச் சென்றது அந்த அவமானமும்தான்.

வைகை72:

இதை நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. ஒரு சந்தேகம்: 1848 கலகத்தில் துலீப்புக்குப் பங்கு இல்லை. பைரோவாலின்படி அவன் பதினாறு வயதுவரை ஆங்கிலேயரின் பொறுப்பில் இருந்த பிள்ளை. கலகத்தை அடக்குவதே அந்தப் பிள்ளையின் அரசுக்காக என்றுதான் அவர்கள் தொடங்கினார்கள். அடக்கியதும் அவன் அரசையே எடுத்துக்கொண்டது எந்த முறையில் சேரும்?

பேரேடு:

எந்த முறையிலும் சேராது, வைகை. ஹென்றி லாரன்ஸே இணைப்பை எதிர்த்தார், டல்ஹௌசி கேட்கவில்லை.

கையெழுத்துகளைப் பாருங்கள், அது போதும். 1846 பைரோவால் ஒப்பந்தத்தில் தேஜ் சிங், தீனா நாத், ஃபகீர் நூருத்தீன், பாய் நிதான் சிங். 1849 மார்ச் 29 அன்று அரசை எழுதிக் கொடுத்த பத்திரத்தில் மகாராஜாவின் கையெழுத்தோடு மறுபடியும் தேஜ் சிங், தீனா நாத், நூருத்தீன், நிதான் சிங். அந்தப் பத்திரம் கையெழுத்தானபோது ராணி கங்கைக் கரையில் கம்பெனியின் சிறையில் இருந்தார். மூன்று வாரத்தில், ஏப்ரலில், சுனார்க் கோட்டையிலிருந்து பணிப்பெண் வேடத்தில் தப்பி நேபாளத்துக்குப் போனார். மகனை மறுபடி பார்த்தது 1861 ஜனவரியில், கல்கத்தாவில் ஒரு ஓட்டலில்.